புயலுக்குப் பின் படகுத்துறை

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் வானம் பெரும்பாலும் தெளிந்து காணப்படும். காற்று மெல்லென வீசும். முன்னாள் செய்த கொடுமையை மறந்துவிட்டதுபோலக் கடல் அமைதியாகக் கிடக்கும். அவ்வமைதியைக் கண்டு, 'இனி இடர் இல்லை' என்று கருதிப் படகை அவிழ்த்துக்கொண்டு புறப்படுவோர் உளர். அவர்களுள் சிலர் அன்று மாலைக்குள்ளேயே மணல்திட்டில் ஏறியோ, எரிபொருள் தீர்ந்தோ நடுவழியில் நின்றுவிடுகின்றனர். புயலின் வலிமையை உலகம் அறியும். புயலுக்குப் பின்வரும் நாள்களின் இடரைப் பட்டறிந்தோரே அறிவர். அந்நாள்களில் படகோட்டிகள் எரிபொருளையும் தங்கும் துறையையும் எவ்வாறு தேடிக் கண்டடைகின்றனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நீர்வழியும் படகுத்துறைகளும்

வங்கக் கடலில் தோன்றும் பெரும்புயலை நாம் சூறாவளி என்கிறோம். அதே இயல்புடைய புயல் அட்லாண்டிக் பெருங்கடலில் தோன்றினால் அதனை 'ஹரிக்கேன்' என்பர். அங்கு ஜூன் முதல் நாள் தொடங்கி நவம்பர் 30ஆம் நாள் வரையுள்ள ஆறு திங்களும் புயற்பருவம் எனக் கணக்கிடப்படும். அப்புயல்களால் அடிக்கடி தாக்கப்படும் கரைகளுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையாகும்.

அக்கரையை ஒட்டி, நீண்டு ஒடுங்கிய மணல் தீவுகள் பல வரிசையாகக் கிடக்கின்றன. தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே காயல்களும் ஆறுகளும் உள்ளன. அவற்றைக் கால்வாய்களால் இணைத்துக் கரையோர உள்நீர்வழி ஒன்றனை அமைத்துள்ளனர். வர்ஜீனியா மாநிலத்து நார்போக் நகரில் தொடங்கிப் பிளாரிடா மாநிலத்தின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவு வரை அதன் நீளம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ஆகும். கடலின் பேரலைகளுக்கு அஞ்சாமல் சிறு படகுகளும் அவ்வழியே செல்லலாம்.

இலையுதிர்காலம் வந்ததும், வடபகுதியின் குளிருக்கு அஞ்சி, படகையே வீடாகக் கொண்ட பலர் தெற்கு நோக்கிப் புறப்படுவர். பறவைகள் வலசை போவதுபோல ஆண்டுதோறும் செல்லும் இவர்களைப் 'பனிப்பறவைகள்' என்றே அந்நாட்டார் அழைக்கின்றனர். இவர்கள் பயணம் செய்யும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களே பெரும்புயல்கள் கரையைத் தாக்கும் காலமாகவும் அமைந்துவிடுகின்றன.

'மெரினா' என்றதும் நமக்குச் சென்னைக் கடற்கரை நினைவுக்கு வரும். அந்நாட்டிலோ அச்சொல் படகுத்துறையைக் குறிக்கும். வழிப்போக்கருக்குச் சத்திரம் எப்படியோ, படகோட்டிகளுக்கு மெரினா அப்படி. படகைக் கட்டி வைக்கும் துறைமேடை, டீசலும் பெட்ரோலும் தரும் குழாய், குடிநீர், கரையிலிருந்து பெறும் மின்னிணைப்பு, கழிவுநீரை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு, பழுதுபார்க்கும் பட்டறை ஆகியன அங்கு இருக்கும். எந்தத் துறை எங்குள்ளது, அங்கு என்னென்ன கிடைக்கும் என்பவற்றைக் கூறும் வழிகாட்டி நூல்களும் உண்டு. அமைதியான காலத்தில் அந்நூல்களே போதும். புயல் வந்துபோன மறுநாள், அவற்றிலுள்ள பல பக்கங்கள் ஒரே இரவில் பொய்யாகிவிடுகின்றன.

எரிபொருள் ஏன் கிடைப்பதில்லை?

படகில் ஊற்றப்படும் ஒரு குவளை டீசல், நெடுந்தொலைவு கடந்து வருகிறது. கப்பலோ பெருங்குழாயோ அதனைத் துறைமுக நகரத்துக் கிடங்கில் சேர்க்கிறது. அங்கிருந்து எண்ணெய் வண்டி அதனைச் சாலை வழியே படகுத்துறைக்குக் கொண்டுவருகிறது. துறையிலுள்ள தொட்டியினின்று அதனை ஏற்றித் தருவது மின்சாரத்தால் இயங்கும் இறைப்பான். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் படகுக்கு எரிபொருள் வாராது. புயலோ பல கண்ணிகளை ஒருங்கே அறுத்துவிடுகிறது.

முதற்கண்ணி துறைமுகம். பிளாரிடாவில் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை இல்லை. அம்மாநிலத்துக்கு வேண்டிய எரிபொருளின் பெரும்பகுதி கப்பல்கள் வாயிலாகவே வந்து சேர்கிறது. புயல் நெருங்குங்கால், அமெரிக்கக் கடலோரக் காவற்படை துறைமுகங்களைப் படிப்படியாக மூடுகிறது. கடுங்காற்று வருவதற்கு 72, 48, 24, 12 மணி நேரங்கள் இருக்கும்போது நான்கு நிலைகளை அறிவிக்கும். விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, ஜூலு என்பன அந்நிலைகளின் பெயர்கள். ஜூலு நிலையில் துறைமுகம் மூடப்படும். புயல் கடந்த பின்னர், நீரடியை ஆராய்ந்து, தடையில்லை என்று உறுதி செய்த பின்னரே கப்பல்கள் உள்ளே விடப்படும். அதுவரை கிடங்குகளில் இருப்பதைக் கொண்டே காலந்தள்ள வேண்டும்.

இரண்டாவது கண்ணி சாலை. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள், பிளாரன்ஸ் என்னும் புயல் வட கரோலினா மாநிலத்து ரைட்ஸ்வில் கடற்கரையருகே கரையேறியது. காற்றின் வேகத்தைக் காட்டிலும் அது கொட்டிய மழையே பெருங்கேடு விளைத்தது. சில இடங்களில் 75 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை பெய்தது. நெடுஞ்சாலைகள் நீரில் மூழ்கின. வில்மிங்டன் நகரம் சாலை வழியே எவரும் சென்று சேர இயலாத தீவுபோல் ஆயிற்று. உள்நாட்டில் பெய்த மழைநீர் ஆறுகளில் இறங்கிவரச் சில நாள்கள் ஆகுமாதலால், புயல் கடந்த பின்னரே வெள்ளம் உச்சத்தை அடைந்தது. மனிதர் செல்ல இயலாத சாலையில் எண்ணெய் வண்டி எவ்வாறு செல்லும்?

மூன்றாவது கண்ணி மின்சாரம். 2012ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் சாண்டி புயல் நியூ ஜெர்சி மாநிலத்தைத் தாக்கியது. அதன்பின் நியூயார்க் பகுதியில் எரிபொருள் நிலையங்கள் பலவற்றின் நிலத்தடித் தொட்டிகளில் எரிபொருள் இருந்தும், அதனை மேலே ஏற்ற மின்சாரம் இல்லை. துறைமுகமும் கிடங்குகளும் சேதமுற்றதால் தட்டுப்பாடு மேலும் வளர்ந்தது. நவம்பர் 9ஆம் நாள் முதல் நியூயார்க் நகரில் வண்டிகளின் எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பெட்ரோல் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் பிளாரிடாவின் தென்கோடித் தீவுகளைத் தாக்கிய இர்மா புயலால், அம்மாநிலத்து மின்னிணைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 60 இலட்சத்துக்கும் மேற்பட்டவை, மின்சாரம் இழந்தன.

இத்துன்பத்தை முன்னரே பட்டறிந்த பிளாரிடா அரசு, 2006ஆம் ஆண்டில் சட்டம் ஒன்று இயற்றியிருந்தது. புதியனவாகக் கட்டப்படும் எரிபொருள் நிலையங்கள், மின்னாக்கியை இணைத்தவுடன் இயங்கத்தக்க அமைப்புடன் இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து. தொட்டியில் எண்ணெய் இருப்பது வேறு, அது குழாய்க்கு வருவது வேறு என்பதை அனுபவம் கற்பித்தது.

கடைசிக் கண்ணி படகுத்துறையே ஆகும். கடல்நீர் பொங்கி உயர்ந்து நிலத்துள் புகும்போது துறைமேடைகள் பெயர்ந்துபோகும். தூண்களில் கட்டிய மிதக்கும் மேடைகள், நீர்மட்டம் தூண்களின் உச்சிக்கு மேலே உயர்ந்தால், மேலே கழன்று படகுகளோடு சேர்ந்து மிதந்து செல்லும். இர்மா புயலின்போது பிளாரிடாவில் மூழ்கியும் கரையேறியும் இடம்பெயர்ந்த படகுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் சில, வேறு படகுகள் வந்துசெல்லும் வழியிலேயே மூழ்கிக் கிடந்தன.

வழியும் மாறிவிடுகிறது

எரிபொருள் இருக்கும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது. அங்குச் சென்றுசேர வழியும் வேண்டும். உள்நீர்வழிக்கு நார்போக்கிலிருந்து பிளாரிடாவின் போர்ட் பியர்ஸ் வரை 12 அடி ஆழம் என விதித்துள்ளனர். ஆனால் தீவுகளுக்கிடையே கடல்நீர் புகும் வாயில்களில், ஒரே புயல் மணலை வாரிக் குவித்து, ஆழமான இடத்தைத் திட்டாக்கிவிடும். நேற்றுப் பத்தடி ஆழமிருந்த இடத்தில் இன்று ஒருவர் இறங்கி நிற்கலாம்.

வழியின் இருபுறமும் சிவப்பும் பச்சையுமான மிதவைகளும் கம்பங்களும் இருக்கும். தெற்கு நோக்கிச் செல்வோர்க்குச் சிவப்பு வலப்புறமும் பச்சை இடப்புறமும் இருத்தல் வேண்டும். புயல் இவற்றைப் பிடுங்கி எறியும். அல்லது, சங்கிலியோடு இழுத்து வேறிடத்தில் விட்டுவிடும். காணாமற்போன மிதவையைவிட இடம் மாறிய மிதவை கொடியது. முன்னது வழிகாட்டாது, பின்னதோ தவறான வழியையே காட்டும்.

சிலபோது வழியே அடைபட்டுவிடும். 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் நள்ளிரவை ஒட்டித் தென் கரோலினாவைத் தாக்கிய ஹியூகோ புயல், சல்லிவன் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பென் சாயர் பாலத்தின் திரும்பும் பகுதியைப் பெயர்த்து, அதன் ஒரு முனையை நீரில் சாய்த்துவிட்டது. அப்பாலம் உள்நீர்வழியின் மேலேயே அமைந்ததாகும். 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மாத்யூ புயலால் வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களுக்கிடையே உள்ள டிஸ்மல் சுவாம்ப் கால்வாய் சேதமுற்று, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மூடிக் கிடந்தது. 1805ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பழங்கால்வாய் அது. நல்வேளையாக, அதற்கு இணையாக வேறொரு கால்வாய் இருந்ததால் படகுகள் அவ்வழியே சென்றன.

இக்கேடுகளைச் சீர்செய்ய மூன்று அரசுப் பிரிவுகள் உழைக்கின்றன. கடலோரக் காவற்படை மிதவைகளை மீண்டும் உரிய இடத்தில் நிறுத்தி, கடலோடிகளுக்கு அறிவிப்புகள் வெளியிடுகிறது. தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகத்தைச் சேர்ந்த அளவைக் குழுவினர் ஒலியலைகளை நீரடிக்கு அனுப்பி, எதிரொலியைக் கொண்டு ஆழத்தையும் மூழ்கிய பொருள்களையும் கண்டறிகின்றனர். தரைப்படையின் பொறியியற் பிரிவினர் மணலைத் தூர்வாருகின்றனர். இவர்களுடைய வேலை பெருந்துறைமுகங்களிலேயே முதலில் தொடங்கும். எண்ணெய்க் கப்பலும் உணவுக் கப்பலும் வந்தால்தான் மக்கள் பிழைப்பர் என்பதே அதற்குக் காரணம். சிறு படகுகளின் வழி பின்னரே பார்க்கப்படும். ஆதலின், அதுவரை படகோட்டி தன் அறிவையே துணையாகக் கொள்ள வேண்டியவனாகிறான்.

கணக்கும் கேள்வியும்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் ஒரு பாய்மரப் படகில் தெற்கு நோக்கிச் செல்வதாகக் கொள்வோம். புயல் கடந்து பத்து நாள்கள் ஆகியுள்ளன. காற்று எதிராக வீசுவதால் பொறியையே நம்பிச் செல்லவேண்டும். படகின் தொட்டியில் 150 லிட்டர் டீசல் நிரம்ப உள்ளது. பொறி மணிக்கு 3 லிட்டர் செலவிட்டுப் படகை 10 கிலோமீட்டர் செலுத்தும். அவ்வாறாயின் 500 கிலோமீட்டர் செல்லலாம் என்று கணக்கிடுவது எளிது. புயலுக்குப் பின் அக்கணக்கு உதவாது.

கடலோடிகள் கைக்கொள்ளும் மூன்றில் ஒரு பங்கு முறை ஒன்று உண்டு. ஒரு பங்கு செல்வதற்கு. ஒரு பங்கு, அங்கு ஒன்றும் கிடையாவிடில் திரும்புவதற்கு. எஞ்சிய பங்கு எதிர்பாராத இடருக்கு. அதன்படி அம்முதியவர் முன்னோக்கிச் செலவிடத்தக்கது 50 லிட்டரே. அதனைக் கொண்டு ஏறத்தாழ 165 கிலோமீட்டர்தான் செல்லலாம். வழிகாட்டி நூலின்படி 120 கிலோமீட்டரில் ஒரு துறையும் 220 கிலோமீட்டரில் மற்றொரு துறையும் உள்ளன. முதல் துறையில் எரிபொருள் இல்லையெனில் இரண்டாவதற்குத் துணிந்து செல்வது அறிவுடைமை ஆகாது. ஆதலின், புறப்படுமுன் முதல் துறையின் உண்மை நிலையை அவர் அறிந்தே ஆகவேண்டும்.

தொலைபேசியில் அத்துறையினரிடம் அவர் கேட்க வேண்டியன எவை? 'திறந்திருக்கிறீர்களா?' என்ற ஒரு கேள்வி போதாது. அலுவலகம் திறந்திருக்கலாம், குழாய் வறண்டிருக்கலாம். இன்று டீசல் உள்ளதா, பெட்ரோல் மட்டும் உள்ளதா? இறைப்பான் மின்சாரத்தால் ஓடுகிறதா, மின்னாக்கியாலா? ஒருவருக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டா? தாழ்நீரின்போது வாயிலில் ஆழம் எவ்வளவு, அதனை எப்போது அளந்தீர்கள்? மேடையில் படகைக் கட்ட இடம் உண்டா? குழாய்நீரைக் காய்ச்சாமல் குடிக்கலாமா? தொலைத்தொடர்பு இல்லாதபோது வங்கி அட்டைகள் பயன்படா. ஆதலால் ரொக்கமாகப் பணம் தரவேண்டுமா? இவ்வேழு வினாக்களுக்கும் விடை கிடைத்தால் பயணத்தின் பாதி முடிந்ததாகக் கொள்ளலாம்.

தொலைபேசி இயங்காத இடங்களில் கடல் வானொலி துணைசெய்யும். அங்குள்ள படகுகளில் வி.எச்.எப். என்னும் வானொலிக் கருவி இருக்கும். அதில் 16ஆம் அலைவரிசை அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. அதில் அழைத்து, விடை கிடைத்ததும் வேறொரு அலைவரிசைக்கு மாறிப் பேசுவர். கடலோரக் காவற்படை வழித்தடைகளைப் பற்றிய அறிவிப்பு ஒன்று உண்டென 16இல் தெரிவித்து, அதன் விவரத்தை 22ஏ என்னும் அலைவரிசையில் கூறும். அந்நேரத்தில் கையில் எழுதுகோல் இல்லாத படகோட்டி பாதிச் செய்தியை இழப்பான்.

எரிபொருள் கிடைத்துவிட்டாலும் சோதியாமல் ஊற்றலாகாது. வெள்ளத்தில் மூழ்கிய தொட்டிகளில் நீர் கலந்திருக்கக்கூடும். தெளிவான கண்ணாடிப் புட்டியில் சிறிதளவு டீசலைப் பிடித்துச் சற்றுநேரம் அசையாமல் வைத்தால், நீர் டீசலைவிடக் கனமுடையதாதலால் அடியில் தங்கித் தனியே தெரியும். பெட்ரோலில் வேறோர் இடர் உண்டு. அந்நாட்டுப் பெட்ரோலில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு வரை எத்தனால் கலந்திருக்கும். நீர் மிகுதியாகச் சேர்ந்தால் எத்தனால் நீரோடு கூடிப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். அது பொறிக்குச் சென்றால் பொறி நின்றுபோகும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடித்தளத்தில் இறங்கித் தேங்கும். ஒரு பொறி பட்டாலும் படகு தீப்பற்றும். ஆதலால், எரிபொருள் நிரப்பிய பின் காற்றுவெளியேற்றியைக் குறைந்தது நான்கு நிமிடமாவது ஓடவிட்டு, மோந்து பார்த்து, அதன்பின்னரே பொறியை இயக்குதல் வேண்டும். கையால் தூக்கும் கலங்களைப் படகினுள் வைத்து நிரப்பாமல் துறைமேடையில் இறக்கி வைத்தே நிரப்புதல் வேண்டும்.

நாளிட்ட உண்மை

இனி நம் முதியவரின் நிலைக்குத் திரும்புவோம். அவர் முதல் துறைக்குப் பலமுறை தொலைபேசியில் அழைத்தும் விடையில்லை. அருகில் நங்கூரமிட்டிருந்த படகினர், 'அத்துறை அழிந்துவிட்டதாம்' என்றனர். 'யார் கண்டது?' என்று கேட்டார் முதியவர். கண்டவர் எவரும் இல்லை; ஒருவர் மற்றொருவரிடம் கேட்டதுதான். வேறொருவர், 'அங்கு எல்லாம் கிடைக்கிறது' என்றார். எப்போதைய செய்தி என்று வினவியபோது, அது புயலுக்கு முந்தியது எனத் தெரிந்தது.

மறுநாள் தெற்கிலிருந்து ஒரு படகு வந்தது. அதன் தலைவரை அழைத்து, "ஐயா, அத்துறையின் நிலை யாது?" என்று வினவினார். "நேற்று மாலை நான்கு மணிக்கு அங்கு 60 லிட்டர் டீசல் வாங்கினேன். மின்னாக்கியால் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து வரை குழாய் ஓடுகிறது. தொலைபேசிக் கம்பிகள் இன்னும் சீராகவில்லை. தாழ்நீரின்போது வாயிலில் என் ஆழமானி ஏழடி காட்டியது. பச்சை மிதவை ஒன்று வடக்கே நகர்ந்திருக்கிறது, அதனை நம்பவேண்டா. இரவு தங்க இடம் உண்டா என்று நான் கேட்கவில்லை" என்று அவர் விடை கூறினார்.

இவ்விடையின் சிறப்பை நோக்குங்கள். அவர் கண்டதை மட்டும் கூறினார்; எப்போது கண்டார் என்பதையும் கூறினார்; அளந்ததை அளவோடு கூறினார்; அறியாததை அறியேன் என்றார். புயலுக்குப் பின் படகோட்டிகளுக்கு டீசலைப் போலவே இன்றியமையாதது இத்தகைய நாளிட்ட உண்மைச் செய்தியாகும். நாளும் நேரமும் இல்லாத செய்தி, பெயரும் முகவரியும் இல்லாத கடிதம் போன்றது. அதனைக் கொண்டு எங்கும் சென்று சேர இயலாது.

பொய்ச்செய்தி படகோட்டியை மட்டும் துன்புறுத்துவதன்று. இல்லாத எரிபொருளை உண்டெனச் சொன்னால், அதனை நம்பிச் சென்ற படகு நடுவழியில் நின்று, ஏற்கெனவே ஓய்வின்றி உழைக்கும் மீட்புப் படையினருக்குச் சுமையாகிறது. திறந்துள்ள துறையை அழிந்துவிட்டதெனச் சொன்னால், அத்துறையினரின் பிழைப்பு அழிகிறது. வீட்டுக் கூரையை இழந்த நிலையிலும் துறைமேடையைச் செப்பனிட்டு, மின்னாக்கியை அமைத்து, வாடிக்கைக்காரர்களுக்காகக் காத்திருக்கும் தொழிலாளர் அங்கு இருக்கின்றனர். இலையுதிர்காலத்தில் கடந்து செல்லும் படகுகளே அவர்களுக்கு ஆண்டு வருவாயில் ஒரு பகுதி. புயல் தாக்கியபோது இழந்தது போக, ஒருவர் வாய்போக்கில் சொன்ன சொல்லாலும் அவர்கள் இழக்க நேருமாயின், அவ்விழப்புக்கு யார் பொறுப்பு?

விருந்தினரின் கடமை

துன்புற்ற ஊருக்குள் நுழையும் படகோட்டி, அங்கு விருந்தினன் என்பதை மறத்தலாகாது. வேகமாகச் செல்லும் படகு எழுப்பும் அலை, வெள்ளத்தால் நெகிழ்ந்து நிற்கும் துறைமேடைகளையும் கரையோர வீடுகளையும் மேலும் தாக்கும்; ஆதலால், அவ்விடங்களில் மெல்லச் செல்லுதல் வேண்டும். வேண்டிய அளவு எரிபொருளே வாங்குதல் வேண்டும். மிகையாக வாங்கிப் பதுக்கினால், பின்வருவோர்க்கும் ஊராரின் மின்னாக்கிகளுக்கும் இல்லாமற் போகும். ஊரின் கழிவு ஏற்பாடுகள் சீர்பெறாதபோது தன் குப்பையைத் தன் படகிலேயே வைத்திருத்தல் வேண்டும். மூழ்கிய படகையோ நகர்ந்த மிதவையையோ கண்டால் இடத்தைக் குறித்துக் கடலோரக் காவற்படைக்கு அறிவித்தல் வேண்டும்.

முதியவர் மறுநாள் விடியலில் புறப்பட்டார். பகலில் மட்டும் படகைச் செலுத்தி, இரவில் நங்கூரமிட்டுத் தங்கினார். இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அத்துறையை அடைந்தார். நகர்ந்த பச்சை மிதவையை விட்டு விலகி, ஆழமானியை நோக்கியவாறே மெல்ல நுழைந்தார். துறையில் இருந்த இளைஞன் கயிற்றை வாங்கிக் கட்டினான். அவனுக்குப் பின்னே, கூரையில்லாத அலுவலகத்தின் மேல் நீலநிறத் தார்ப்பாய் ஒன்று கட்டப்பட்டிருந்தது. புட்டியில் பிடித்துப் பார்த்த டீசல் தெளிவாக இருந்தது. தமக்கு வேண்டிய 40 லிட்டர் மட்டும் வாங்கிப் பணத்தைக் கையில் கொடுத்தார்.

அன்று மாலை அவர் மனைவி குறிப்பேட்டை எடுத்து நாளையும் நேரத்தையும் முதலில் எழுதினார். பின்னர், தாழ்நீரில் வாயிலின் ஆழம், மிதவையின் நிலை, குழாய் இயங்கும் நேரம், இரவு தங்க நான்கு படகுகளுக்கு இடம் உண்டு என்னும் செய்தி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் குறித்தார். முன்வந்தவர் கேளாமல் விட்ட கேள்விக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. முதியவர் வானொலியை எடுத்து, வடக்கே தமக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த படகுகளை அழைத்தார்.

அவர் பெற்ற செய்தி ஒருவர் தந்தது. அவர் தந்த செய்தி பலருக்குப் பயன்பட்டது. புயல் அறுத்த சங்கிலியைக் கப்பலும் வண்டியும் மின்சாரமும் மெல்ல மெல்ல இணைக்கும். அதுவரையில், ஒருவர் கண்ட உண்மையை மற்றொருவருக்குக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லும் நேர்மையே அவ்வழியைத் திறந்து வைக்கிறது. மாணவர்களே, இடர்க்காலத்தில் பிறருக்கு உதவப் பொருளும் வலிமையும் நம்மிடம் இல்லாதிருக்கலாம். கண்டதைக் கண்டவாறும், கேட்டதைக் கேட்டதென்றும், அறியாததை அறியேன் என்றும் சொல்லும் ஆற்றல் நம் எல்லோரிடமும் உண்டு. அவ்வுதவியைச் செய்யத் தவறாதிருப்போமாக.